ஒரு பழைய எம்.ஜி. காருக்கு விலை மதித்த அனுபவம்

மலர்க் குழுவினர் இந்த முறை "உங்கள் தொழிலை ஒட்டி ஏதாவது எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் மும்பையில் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்தவன். சர்வேயர் என்றதும் ஊரில் சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர் என்றே நினைப்பார்கள். நான் அளந்ததெல்லாம் அடிபட்ட கார்கள். எது ஒடுங்கியது, எது உடைந்தது, அதற்கு முன் அந்தக் காரின் மதிப்பு என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதே என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் ஒரு காருக்கு மதிப்புச் சொல்லி, அதில் தவறி, ஒரு குடும்பத்துக்கு நஷ்டம் வரக் காரணமானேன். அந்தக் கதையை வைத்தே, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு விலை எப்படி அமைகிறது, தரகர் இல்லாமல் நாமே விற்பதென்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

கார் என்னுடையது அல்ல. செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளியிருந்த ஹார்டுவேர் கடை அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1960-களில் வந்தவர். 1974-ல் தாதரில் ஒரு பார்சிப் பெரியவரிடமிருந்து 1951-ஆம் வருடத்து எம்.ஜி. டி.டி. காரை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்துக் கிளப்பி, மதினியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றி வருவார். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் அண்ணாச்சி காலமானார். அடுத்த வருடமே அவர்கள் கட்டடம் ரீடெவலப்மெண்டுக்குப் போயிற்று. காலி செய்யத் தேதி கொடுத்துவிட்டார்கள். மகன் அமெரிக்காவில், மகள் நாகர்கோவிலில். வாடகை வீட்டுக்குப் போகும் மதினியால் அந்தக் காரை எங்கே கொண்டுபோய் நிறுத்த முடியும்? அதனால்தான் விற்க வேண்டி வந்தது.

எம்.ஜி. என்றதும் நம்மவருக்கு வேறொரு பெயர்தான் நினைவுக்கு வரும். என் பேரனுக்கோ 2019-ல் வந்த ஹெக்டர் கார்தான் எம்.ஜி. உண்மையில் இது மாரிஸ் காரேஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய கம்பெனி, பின்னர் பக்கத்து ஊரான ஆபிங்டனில் கார்களைச் செய்தது. டி.டி. என்ற மாடல் 1949 கடைசியிலிருந்து 1953 வரை வந்தது. மொத்தம் 29,664 கார்கள். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. 1250 சி.சி. இஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 54 குதிரைசக்தி. நம் மாருதி 800-க்கு 37 என்பதை நினைத்துப் பார்த்தால் இது ஒன்றும் பெரிய வேகக்காரன் அல்ல என்பது புரியும். இரண்டு பேர் உட்காரலாம். கூரை கான்வாஸ், கதவில் கண்ணாடி கிடையாது, முன் கண்ணாடியை மடக்கிப் படுக்க வைக்கலாம். இரும்புச் சட்டத்தின் மேல் ஆஷ் மரத்தால் கூடு கட்டி, அதன்மேல் தகடு போர்த்திய உடம்பு. மரம் என்பதை நினைவில் வையுங்கள். மும்பை மழையும் கரையானும் பின்னால் வரப்போகின்றன.

முதலில் வந்தவர் ஒரு தரகர். காரைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், "ஏழு லட்சம், இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். மதினி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, அவன் ஏழுங்கான். அவிய இருந்தா இதைக் கேட்டதுக்கே அவனை விரட்டி விட்டுருப்பாவ. நீங்கதான் வண்டிக்கு வெல போடுற ஆளு. சரியா ஒரு தொகை சொல்லுங்க."

இங்கேதான் நான் சறுக்கினேன். எங்கள் தொழிலில் காருக்கு மதிப்புப் போட ஓர் அட்டவணை உண்டு. 6 மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வருடத்துக்கு மேல் போனால் அட்டவணை கையை விரித்துவிடும். கம்பெனியும் காரின் சொந்தக்காரரும் பேசி ஒத்துக்கொண்ட தொகை என்றுதான் இருக்கும். எழுபது வருடக் காருக்கு அது எந்த விதத்திலும் உதவாது. ஆகவே விளம்பரங்களைப் பார்த்தேன். இதே மாடலுக்கு ஒருவர் 38 லட்சம் கேட்டிருந்தார், ஒருவர் 34. நான் நடுவில் ஒன்றை எடுத்து "35 லட்சம் மதினி" என்று சொல்லிவிட்டேன்.

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. விற்ற விலை அல்ல. இந்த ஒரு வித்தியாசத்தை நான் மறந்தது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. 38 லட்சம் கேட்ட கார் ஒரு வருடம் கழித்தும் விளம்பரத்தில் இருந்தது. விற்றுப்போன கார் விளம்பரத்திலிருந்து மறைந்துவிடும். எந்த விலைக்குப் போயிற்று என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பழைய கார் சங்கத்துக்காரர்களையும், இந்தக் கார்களைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகளையும் நேரில் கண்டு பேசுவதுதான். மெக்கானிக்குக்குத் தெரியாத வியாபாரம் இல்லை, ஏனெனில் பணம் கைமாறுவதற்கு முன் காரை அவரிடம்தான் காட்டுவார்கள். வெளிநாட்டு விலையை வைத்துக் கணக்குப் போடுவதும் தவறு. அமெரிக்காவில் இந்தக் கார் ஏராளம். பழைய கார்களை இறக்குமதி செய்ய இங்கே நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்ததால் நம் நாட்டில் இருப்பவை சொற்பம். அங்கத்திய டாலரை ரூபாயாக்கிப் பார்த்தால் இங்கத்திய விலை வராது.

நான் சொன்ன 35 மதினியின் மனத்தில் பதிந்துவிட்டது. ஒரு மாதத்தில் தாணேயிலிருந்து ஓர் அன்பர் வந்தார். எழுபது வயதிருக்கும். காரை ஆசையோடு தடவிப் பார்த்து, 26 லட்சம் தருவதாகச் சொன்னார். "சர்வேயர் தம்பி முப்பத்தஞ்சுன்னு சொல்லியிருக்காரு" என்று மதினி மறுத்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவர் வேறொரு எம்.ஜி.யை வாங்கிக்கொண்டார்.

அடுத்து டெல்லியிலிருந்து ஒருவர். போனிலேயே 30 வரை வருவதாகச் சொன்னார், ஆனால் தன் மெக்கானிக் பார்த்துச் சரியென்றால்தான் என்றார். நியாயமான நிபந்தனை. மெக்கானிக் வந்தார். பளபளப்பையோ டயரையோ அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து டார்ச்சையும் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தார்.

பழைய காரைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் என்பதால் அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் சேஸிஸ் எண். முன்பக்கச் சட்டத்தின் இரும்பிலேயே அது அடிக்கப்பட்டிருக்கும். எழுபது வருடத் துருவையும் பெயிண்டையும் சுரண்டி, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணின் அச்சை எடுத்தார். இஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவிலுள்ள தடுப்பில் ஒரு தகடு உண்டு. அதில் கார் எண்ணும் இஞ்சின் எண்ணும் இருக்கும். இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. (போகிற போக்கில் ஒரு செய்தி: ஆபிங்டனில் ஒவ்வொரு மாடலுக்கும் எண்ணை 1-லிருந்து தொடங்காமல் 251-லிருந்து தொடங்கினார்கள். அது ஃபாக்டரியின் டெலிபோன் எண்.) கடைசியாக இஞ்சினையே பார்த்தார். எம்.ஜி. இஞ்சினில் எட்டு மூலை கொண்ட பித்தளைத் தகடு ஒன்று அடித்திருப்பார்கள். டார்ச் அடித்து அதைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஆர்.சி.யில் எக்ஸ்பிஏஜி டி.டி. என்று தொடங்கும் எண். தகட்டிலோ எக்ஸ்பிஏஜி எஸ்.சி.

எஸ்.சி. என்றால் சிங்கிள் கார்புரேட்டர். அதே காலத்தில் எம்.ஜி. ஒய் என்றொரு நான்கு கதவு குடும்பக் கார் வந்தது. அதே 1250 சி.சி. இஞ்சின், ஒரே ஒரு கார்புரேட்டரோடு. அண்ணாச்சியின் ஸ்போர்ட்ஸ் காருக்குள் இருந்தது அந்தக் குடும்பக் காரின் இஞ்சின். மேலே இரட்டைக் கார்புரேட்டரை மாட்டியிருந்ததால் பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அடிபட்ட கார் ஒவ்வொன்றிலும் நான் முதல் வேலையாகச் செய்தது சேஸிஸ் எண், இஞ்சின் எண் சரிபார்ப்பதைத்தான். அண்ணாச்சி கார் என்ற உரிமையில் இதில் மட்டும் அதைச் செய்யவில்லை. ஐம்பது வருடம் எதிரிலேயே ஓடிய கார், இதில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

இஞ்சின் மாறினால் என்ன, கார் ஓடுகிறதே என்று கேட்கலாம். சாதாரணக் காருக்கு ஓட்டமே விலை. இந்த மாதிரிக் காருக்கு அடையாளம்தான் விலை. இது எந்தக் கார், ஃபாக்டரியிலிருந்து எப்படி வெளியே வந்தது, யார் யார் கை மாறி வந்தது என்பதைக் காகிதத்தாலும் இரும்பில் அடித்த எண்ணாலும் நிரூபிக்க முடிந்த அளவுக்குத்தான் பணம். பிறந்தபோது இருந்த அதே இஞ்சின் இருந்தால் ஒரு விலை, அதே மாடலின் வேறு இஞ்சின் என்றால் ஒரு படி கீழே, வேறு மாடல் இஞ்சின் என்றால் இன்னொரு படி கீழே. ஆர்.சி.யில் ஒன்றும் இஞ்சினில் வேறொன்றும் இருந்தால் விலையைப் பற்றிய பேச்சே நின்றுவிடும், திருட்டுக் காரோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

டெல்லிக்காரர் பின்வாங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. டெல்லியில் 15 வருடத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் கார்கள் ஓடக்கூடாது என்று 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-ல் உச்சநீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அங்கே இருப்பவருக்குப் பாதுகாப்பான வழி, 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவுதான். முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த கார்களுக்கு அது கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரியங்களுக்கு மட்டும்தான். முக்கியமான நிபந்தனை ஒன்று: கார் அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. குடும்பக் காரின் இஞ்சினோடு அந்த வாசலில் போய் நிற்க டெல்லிக்காரர் விரும்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

(விண்டேஜ் என்ற சொல்லே இடத்துக்கு இடம் மாறும். 2002-ஆம் வருடத்து மோட்டார் இன்ஷூரன்ஸ் டாரிஃபில் 1940 டிசம்பர் 31-க்கு முன் செய்த கார்தான் விண்டேஜ். அதன்படி அண்ணாச்சி கார் விண்டேஜே அல்ல! விற்பவர்கள் இந்தச் சொல்லைக் கண்டபடி விளம்பரத்தில் போடுவதில் பயனில்லை.)

அன்று இரவு மதினியிடம் போய் உண்மையைச் சொன்னேன். 35 என்று நான் சொன்னது தவறு என்றும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அவிய கள்ள எஞ்சின் வச்சிருந்தாவன்னு சொல்லுதியளா?" என்று கேட்டார். பணத்தைவிட அதுதான் அவருக்கு உறுத்தியது என்று எனக்கு அப்போது புரிந்தது.

பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பார்சிப் பெரியவர் காரோடு கொடுத்தது. மேலே டிரைவர் கையேடும் வரிச் சீட்டுகளும். அடியில் நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டு, பிரித்த அடையாளமே இல்லை. பார்சிகள் ரசீதுகளைப் பாதுகாக்கும் அழகு தனி. ஸ்பார்க் பிளக் வாங்கிய சீட்டுகூட இருந்தது. அதில் 1967-ஆம் வருடத்து ஒர்க்‌ஷாப் பில் ஒன்று: பழைய இஞ்சின் பிளாக் வெடித்துவிட்டதால், இன்ன எண்ணுள்ள எம்.ஜி. இஞ்சினைப் பொருத்தியது, கூலி இவ்வளவு, பழைய இஞ்சினுக்குக் கழித்தது இவ்வளவு. இஞ்சின் எண் தகட்டிலிருந்த எண்ணோடு ஓர் இலக்கம் பிசகாமல் ஒத்துப் போயிற்று. புது இஞ்சினுக்கு இங்கிலாந்தில் ஆர்டர் கொடுக்க அன்னியச் செலாவணி கிடைக்காத காலம் அது. கிடைத்த இஞ்சினைப் போட்டுக் காரை உயிரோடு வைத்திருந்திருக்கிறார் பெரியவர். ஆர்.சி.யில் மட்டும் பதியாமல் விட்டுவிட்டார்.

இஞ்சின் அதே இஞ்சின்தான். ஆனால் அந்த ஒரு காகிதத்தால் சந்தேகம் என்பது வரலாறு ஆயிற்று. அதை வைத்துத்தான் ஆர்.டி.ஓ.வில் இஞ்சின் எண்ணைத் திருத்த விண்ணப்பித்தோம். சுமார் நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கார் பிவண்டியில் ஒரு கோடவுனில் வாடகைக்கு நின்றது.

இந்த நான்கு மாதத்தில் விலையை முறையாகப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் பழைய கார்களை நிலைக்கு ஏற்ப 1 முதல் 4 வரை தரம் பிரிப்பதுண்டு. கண்காட்சியில் பரிசு வாங்கும் கார் 1. நன்றாகப் பராமரித்த அழகான கார் 2. ஓடுகிற, சின்னக் குறைகள் உள்ள கார் 3. வேலை பாக்கியிருப்பது 4. நம் காரைப் பாசமில்லாமல் பார்த்தால் 3-க்கும் 4-க்கும் நடுவில். இடது கதவின் மரத்தூண் அடியில் இற்றிருந்தது. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. கதவைத் திறந்து லேசாக மேலே தூக்கினால் ஆடும். மரக்கூடு உள்ள காரில் கதவு ஆடினால் கதவில் குறை தேடக் கூடாது, மரத்தைப் பார்க்க வேண்டும். மரத்தை மாற்ற வேண்டுமானால் தகட்டைக் கழற்ற வேண்டும், தகட்டைக் கழற்றினால் முழுப் பெயிண்ட். இப்படி ஒன்று ஒன்பதாகும்.

இதைச் சரிசெய்துவிட்டு விற்கலாமா என்று மதினியின் மகன் போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். நான்கு லட்சம் செலவழித்தால் நான்கு லட்சம் கூடுதலாகக் கிடைக்காது. புதுப் பெயிண்ட் அடித்த பழைய காரைக் கண்டால் விவரமுள்ளவர் உள்ளே எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். அதே சமயம், நான்கு லட்ச ரூபாய் வேலை பாக்கி என்றால் வாங்குபவர் நான்கு மட்டும் கழிக்கமாட்டார். காத்திருக்கும் காலத்துக்கும், பிரித்தால் வேறென்ன வருமோ என்ற பயத்துக்கும் சேர்த்து ஆறோ ஏழோ கழிப்பார். ஆகவே விற்பவர் செலவழிக்க வேண்டியது ஓட்டத்துக்கும் நிறுத்தத்துக்கும் மட்டுமே. பிரேக் சிலிண்டர்கள், பேட்டரி, கார்புரேட்டர் சுத்தம், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ரப்பர் ஹோஸ்கள். நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது. ஸ்டார்ட் ஆகி, ஓடி, நிற்கிற காருக்கும் தள்ளிக் கொண்டுவர வேண்டிய காருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் இந்த நாற்பதாயிரத்தைப் போலப் பல மடங்கு.

ஒரு வேடிக்கை. அண்ணாச்சி 1990-களில் ஆசைப்பட்டு கம்பிச் சக்கரங்கள் போட்டிருந்தார். பார்க்க அழகுதான். ஆனால் டி.டி. மாடலுக்கு ஃபாக்டரியில் கம்பிச் சக்கரம் கிடையாது. அதற்கு முந்திய டி.சி.க்கு உண்டு, பிந்திய டி.எஃப்.புக்கு விருப்பமானால் உண்டு. டி.டி.க்குத் தட்டைச் சக்கரம்தான். பழைய ஐந்து தட்டைச் சக்கரங்களும் கடைக் கோடவுனில் ஆணி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தன. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருந்தால் கிலோ கணக்கில் போயிருக்கும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இது: கழற்றிய எதையும் எறியாதீர்கள், காரோடு சேர்த்துக் காட்டுங்கள்.

பிறகு விளம்பரம். முதலில் மகன் எழுதி அனுப்பியதில் "அருமையான கண்டிஷன், அபூர்வமான கார், பார்த்தால் விடமாட்டீர்கள்" என்றெல்லாம் இருந்தது. அவற்றை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 1951 எம்.ஜி. டி.டி., வலது ஸ்டியரிங், 1974 முதல் ஒரே குடும்பம். சேஸிஸ் எண் மூலம். இஞ்சின் 1967-ல் மாற்றியது, எம்.ஜி. ஒய் காருடையது, பில் உண்டு, ஆர்.சி.யில் பதிந்தது. இடது கதவுத் தூண் மரம் இற்றுள்ளது. பழைய தட்டைச் சக்கரங்கள் ஐந்து உண்டு. கார் ஓடும் நிலையில். விலை 25 லட்சம். கூடவே படங்கள். அழகான கோணத்தில் இரண்டு, மற்றவை அடிப்பாகம், இற்ற மரம், எண் தகடுகள்.

"கொறையெல்லாம் நாமளே சொல்லிட்டா யாரு வாங்குவா?" என்றார் மதினி. வந்தவர்கள் குறைவுதான். ஆனால் வந்தவர்கள் குறையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி விலையை உடைக்க வழியில்லை. அது ஏற்கெனவே விலையில் கழித்தாயிற்று.

மழைக்காலத்தில் காட்டவில்லை. இந்தக் கார்களுக்குச் சீசன் டிசம்பர் முதல் பிப்ரவரி. பேரணிகள் நடக்கும், மனிதர்களுக்கு ஆசை வரும். அதற்கு முன் மூன்று தொகைகளை முடிவு செய்தோம்: கேட்பது, எதிர்பார்ப்பது, இதற்குக் கீழே போகாதது. கடைசித் தொகையை மதினி ஒரு சீட்டில் எழுதிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். பேரத்தின் சூட்டில் நானோ அவரோ இறங்கிவிடாமலிருக்க அது உதவிற்று.

ஓட்டிப் பார்க்க வருபவர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இன்ஷூரன்சும் புகைச் சான்றிதழும் உயிரோடு இருக்க வேண்டும். முதலில் நாம் ஓட்டி அவரைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். இந்தக் காரின் முதல் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது. பழக்கமில்லாதவர் ஓடும்போது அதில் போட்டால் பற்கள் அலறும். லைசென்ஸ் நகல் வாங்கிக்கொண்ட பிறகே சாவி.

2023 ஜனவரியில் புனேயிலிருந்து ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற இஞ்சினீயர். கார் அருகே அரைமணி, தகரப் பெட்டிக்கு முன்னால் இரண்டு மணி நேரம். எழுந்து, "எனக்கு ஓட்டத்தான் கார் வேண்டும், விண்டேஜ் பதிவு வேண்டாம், சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொள்வேன்" என்றார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபதிவு செய்துகொண்டு அப்படி வைத்திருக்கலாம். கட்டணம்தான் ஏறிக்கொண்டே போகிறது. 2022 ஏப்ரலில் 600 ரூபாய் 5,000 ஆயிற்று, 2025-ல் மறுபடி உயர்த்தினார்கள். 20-ல் தொடங்கி 22 லட்சத்தில் முடிந்தது. சாமி படத்துக்குப் பின்னாலிருந்த சீட்டில் 21 என்று இருந்தது.

தாணேக்காரரின் 26-ஐ நான் மறக்கவில்லை. அன்று விற்றிருந்தால் இஞ்சின் விஷயம் பிறகு வெடித்து வழக்காகியிருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொள்வதுண்டு. மதினி அப்படித் தேற்றிக்கொண்டாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

சட்டக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்தக்காரர் இறந்துவிட்டால் 30 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அண்ணாச்சி உயில் எழுதவில்லை. மகனும் மகளும் சம்மதக் கடிதம் கொடுத்த பிறகே மதினி பெயருக்கு வந்தது, அதுவும் தாமதமாக. 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்கலாம். கார் வைத்திருக்கும் அன்பர்கள் இதைச் செய்துவிடுவது நல்லது. விற்கும்போது படிவம் 29, 30. விற்றவர் 14 நாளைக்குள் தெரிவிக்க வேண்டும், வேறு மாநிலமானால் 45 நாள். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் 2017 ஏப்ரலிலிருந்து ஒரே விவகாரத்தில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் வாங்கிய தொகையே அபராதம். "பாதி கேஷ்" என்று வருபவரைப் பணிவாக அனுப்பிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், பெயர் மாறும் வரை விடாமல் பின்தொடர்வது. 2018-ல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: விற்றுவிட்டாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே சொந்தக்காரர். கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களை என் சர்வீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். சம்மன் வரும்போதுதான் விழிப்பார்கள். நாங்கள் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இன்ஷூரன்சைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாளைக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று புனேக்காரரிடம் சொன்னபோது, விண்ணப்பத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார்.

22 லட்சமும் வங்கியில் ஏறியதைப் பார்த்த பிறகு, காரும் ஐந்து சக்கரங்களும் தகரப் பெட்டியும் லாரியில் ஏறின. மதினி பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த 1967 பில்லுக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார்.

"எதுக்கு மதினி?" என்றேன்.

"எஞ்சின் ஒரிஜினல்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தாவ. தெரியாமத்தான் சொன்னாவ, பொய் சொல்லலன்னு பேரன் வந்தா காட்டணும்லா."

இரண்டு மாதத்தில் புனேக்காரர் தம் பெயரில் வந்த ஆர்.சி.யின் படத்தை அனுப்பினார். இடது கதவுக்குப் புது மரம் போட்டாயிற்று என்றும், கம்பிச் சக்கரத்தைக் கழற்றித் தட்டைச் சக்கரத்தை மாட்டிவிட்டதாகவும் எழுதியிருந்தார். நான் மதினிக்குப் படித்துக் காட்டினேன்.